தூது சென்ற புறாவும் துயர் சுமந்த குரங்கும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளமேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலைகளோடு அசைந்து சென்று நெடுந்தீவில் கால்வைப்போர் கண்டு வியக்கத்தக்கன பல அங்கே உண்டு. முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, சாந்து சேர்க்காமலே எழுப்பிய வேலிகள். கட்டுக்காவலின்றித் திரியும் குதிரைகள். பலர் கைகோத்து நின்று கட்டியணைக்க வேண்டிய பெருக்குமரம். இவற்றையெல்லாம் ஆவலோடு பார்ப்போரிற் பலர், தூணின்மேல் சிறுசிறு பொந்துகளோடு நிற்கும் புறாக்கூட்டை மட்டும் ஒருகணம் நோக்கிவிட்டு அப்பாற் சென்றுவிடுவர்.

நாம் அவ்வாறு செல்லவில்லை. ஒல்லாந்தர் காலத்ததென்று சொல்லப்படும் அக்கூட்டின் அருகில் நாம் நின்றபோது, பாடசாலை விட்டு வீடு செல்லும் பிள்ளைகள் சிலர் எம்மைச் சூழ்ந்தனர்.

"இது புறாவிலை தபால் அனுப்பின இடம் ஐயா" என்று ஒரு சிறுவன் எமக்கு விளக்கம் தந்தான்.

அவனருகே நின்ற சிறுமி அவ்வளவில் அமைதியடையவில்லை. "அப்படியெண்டால், இஞ்சையிருந்து போன புறா மறுமொழியோடை திரும்பி வருமோ ஐயா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பெரியவர்கள் கேட்க மறந்த கேள்வி. அதற்கு விடை சொல்லத் தொடங்கிய நாம், வள்ளத்தில் திரும்பி வரும்போதும் அதனையே எண்ணிக்கொண்டு வந்தோம். ஒரு செய்தி எப்படிச் செல்கிறது, எங்கே தடைப்படுகிறது, அரைகுறையாகச் சென்றால் என்ன நேர்கிறது என்னும் மூன்று வினாக்களையும் தொடர்ந்து சென்றால், அவை புறாக்கூட்டோடு நின்றுவிடவில்லை. மனித உடலுக்குள்ளும், எம் தீவின் காட்டுக் குரங்கின் குருதிக்குள்ளும், ஈற்றில் தீவகத்து வீட்டுக் கிணற்றுக்குள்ளும் எம்மை இட்டுச்சென்றன.

ஒருவழித் தூதுவன்

தமிழ்ப் புலவர் தூது அனுப்பத் தக்கனவென்று பத்தினை மரபாகச் சொல்வர். அன்னம், மயில், கிளி, மேகம், நாகணவாய்ப்புள், தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பன அவை. இப்பத்தினுள் புறா இல்லை. ஆயினும் உலகில் மெய்யாகவே ஓலை சுமந்து பறந்த பறவை புறா.

புறாவின் திறமை யாது? அது தன் கூட்டை மறவாது. எத்தனையோ காததூரம் கொண்டுசென்று விட்டாலும், ஞாயிற்றின் நிலையையும் பூமியின் காந்தப் புலத்தையும் பழகிய நிலக்குறிகளையும் துணைக்கொண்டு தன் வீட்டை வந்தடையும். ஆனால், வீடு திரும்புவது ஒன்றே அதற்குத் தெரியும். புதிய இடத்திற்குப் போகச் சொன்னால் போகாது. எனவே, நெடுந்தீவுக் கூட்டிற் பழகிய புறா யாழ்ப்பாணத்துக்குச் செய்தி கொண்டு செல்லாது. அதனை முன்னதாகவே வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தால், அங்கிருந்து நெடுந்தீவுக்குச் செய்தி கொண்டுவரும். மறுமொழி போகவேண்டுமாயின் யாழ்ப்பாணத்துப் புறா ஒன்று நெடுந்தீவிற் காத்திருக்க வேண்டும். சிறுமியின் வினாவுக்கு இதுவே விடை.

இம்முறை வெறும் பழங்கதையன்று. 1850ஆம் ஆண்டளவில் கொழும்பிலிருந்து வெளிவந்த 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை காலித் துறைமுகத்திற் புறாக்களை வைத்திருந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவரும் செய்தியைச் சிறு தாளில் எழுதிப் புறாவின் காலிற் கட்டி விடுவர். குதிரை வண்டி பல மணி நேரம் ஓடவேண்டிய வழியை அப்பறவை மிகக் குறுகிய நேரத்திற் கடந்து கொழும்பை அடையும். அதே 1850ஆம் ஆண்டில், ஐரோப்பாவில் ஆகென் நகருக்கும் பிரசெல்ஸ் நகருக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாத இடைவெளியை நிரப்ப றோய்ட்டர் என்பவரும் புறாக்களையே நாடினார் என்பது வியப்பான ஒற்றுமை. பின்னர் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி வந்தது. புறாக்கள் ஓய்வு பெற்றன.

தீவுகளும் கோடுகளும்

தொடர்பு வலையமைப்பு என்னும் விஞ்ஞானத் துறை தோன்றியதும் தீவுகளை வைத்தே என்றால் எம் தீவக வாசகர் மகிழ்ச்சியடைவர். பிரசிய நாட்டிலிருந்த கோனிக்ஸ்பேர்க் நகரின் ஊடாக ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் இரு கரைகளையும் நடுவேயிருந்த இரு தீவுகளையும் ஏழு பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் இருமுறை மிதியாமல் ஏழு பாலங்களையும் கடந்துவர இயலுமா என்பது ஊரவரின் பொழுதுபோக்கு வினா. 1736ஆம் ஆண்டில் ஒயிலர் என்னும் கணித மேதை அதற்கு விடை கண்டார். அவர் ஊரை மறந்தார். நிலங்களைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் மட்டும் எண்ணினார். ஒரு நிலத்துள் நுழைய ஒரு பாலமும் வெளியேற மற்றொரு பாலமும் வேண்டுமாதலால், வழியிலுள்ள நிலம் ஒவ்வொன்றிலும் பாலங்கள் இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். தொடங்கும் நிலமும் முடியும் நிலமுமே இதற்கு விலக்கு. அங்கேயோ நான்கு நிலங்களிலும் பாலங்கள் ஒற்றைப்படை. ஆகவே, அப்படி நடக்க இயலாது என்று நிறுவினார்.

ஒயிலர் செய்தவாறு தீவகத்தையும் நாம் ஒரு தாளில் வரைந்து பார்ப்போம். மாணவர்கள் கையிலே பென்சிலை எடுத்துக்கொள்வார்களாக. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியாக வேலணைத் தீவுக்கு ஒரு கோடு. அத்தீவின் வடமேற்கு முனையிலே ஊர்காவற்றுறை. அங்கிருந்து கடலின் நடுவே நிற்கும் பழைய கடற்கோட்டையைக் கடந்து காரைநகருக்குப் படகுவழி ஒரு கோடு. காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலத்தின் வழியாக மீண்டும் குடாநாட்டுக்கு ஒரு கோடு. இப்போது ஒரு வளையம் கிடைத்துவிட்டது. இந்த வளையத்தில் ஒரு வழி அடைபட்டால் மறுவழியாற் செல்லலாம். இனி, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு ஒரு கோடு. புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஒன்று, நெடுந்தீவுக்கு ஒன்று. இங்கே வளையம் இல்லை. கிளையின் நுனியில் ஆடும் இலைபோல நெடுந்தீவு ஒற்றைக் கோட்டில் தொங்குகிறது.

படத்தைப் பார்த்ததும் ஓருண்மை விளங்கும். சோளகம் வீசிக் கடல் குமுறும் நாளில் அந்த ஒரு கோடு அறுந்தால், நெடுந்தீவுக்கு வேறு வழியில்லை. இக்காலத்திலே தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. நெடுந்தீவுத் தாய் ஒருத்தி தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வதைக் கனடாவிலிருக்கும் தமையன் அதே கணத்திற் கேட்கிறான். ஆனால், நோயாளி யாழ்ப்பாணம் போவதற்குக் கடல் இன்னும் அதே கடல்தான். செய்தி பறக்கிறது; மருந்து மிதக்கிறது. தீவக வாழ்வின் இடர் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

1964ஆம் ஆண்டில் போல் பாரன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஒரு நடுநிலையத்தை நம்பியிருக்கும் வலையமைப்பு அந்நிலையம் அழிந்ததும் முழுதும் ஊமையாகிவிடும் என்று காட்டினார். மீன்வலைபோல ஒவ்வொரு முடிச்சும் அயல் முடிச்சுகள் பலவற்றோடு இணைந்திருந்தால், சில முடிச்சுகள் அறுந்தாலும் செய்தி வேறுவழி தேடிச் சென்றடையும் என்பது அவர் கண்ட முடிபு. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் அக்கருத்தே இன்றைய இணையத்துக்கு அடிப்படையான கருத்துகளுள் ஒன்றாயிற்று. கரைவலை இழுத்த எம் முன்னோருக்கு இந்தத் தத்துவம் புதிதாகத் தோன்றியிராது.

மற்றொரு டெல்ப்ட்

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், எம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. ஒல்லாந்திலுள்ள அந்த டெல்ப்ட் நகரிலே அதே காலத்தில் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர் ஒருவர் வாழ்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கில்லை. துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க வணிகர் கையாளும் உருப்பெருக்குக் கண்ணாடியிலிருந்து தொடங்கி, தம் கையாலேயே மிக நுண்ணிய வில்லைகளைத் தீட்டினார். அவற்றினூடாகக் குளத்து நீரில் துள்ளித் திரியும் சிற்றுயிர்களைக் கண்டார். 1674ஆம் ஆண்டில் மனிதக் குருதியின் செங்குழியங்களை விவரித்தார். கண்டவற்றையெல்லாம் இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதங்களாக எழுதினார். 1673ஆம் ஆண்டிற் தொடங்கிய அக்கடிதப் போக்குவரத்து 1723இல் அவர் இறக்கும்வரை நீடித்தது.

நெடுந்தீவின் பெயரைத் தாங்கிய நகரிலேதான் குருதியின் செங்குழியங்கள் இவ்வாறு விவரிக்கப்பட்டன என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக. ஏனெனில், எம் கதை இனி அச்செங்குழியங்களுக்குள்ளே செல்கிறது. 1880ஆம் ஆண்டில் அல்சீரியாவில் லவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் மலேரியா நோயாளியின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்தராபாத் நகரில் றொனால்ட் றொஸ் என்பவர், அவ்வொட்டுண்ணி நுளம்பின் வயிற்றில் வளர்வதைக் கண்டார். நோயின் தூதுவன் யார் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

குருதியில் ஓடும் தந்தி

நோய்க்கிருமி உடலுட் புகுந்ததும் உடல் வாளாவிருப்பதில்லை. வெண்குழியங்கள் காவலர்போல் குருதியிலும் நிணநீரிலும் திரிகின்றன. இக்காவலருக்குக் கம்பியுமில்லை, ஓலையுமில்லை. ஒரு குழியம் தான் கண்டதை மற்றொன்றுக்கு எவ்வாறு அறிவிக்கிறது? 1957ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் என்னும் இருவர் இதற்கு விடையின் முதற்பகுதியைக் கண்டனர். வைரசு தீண்டிய கோழிக்கருச் சவ்வு ஒரு பொருளைச் சுரந்தது. அப்பொருள் பட்ட வேறு கலங்களை வைரசு எளிதில் தாக்க இயலவில்லை. 'பகைவன் வந்துவிட்டான், கதவைச் சாத்துங்கள்' என்று அயலவருக்கு அனுப்பிய செய்தியே அது. அதற்கு இன்ரபெரோன் என்று பெயரிட்டனர். பின்வந்த ஆண்டுகளில் இத்தகைய தூதுப்பொருள்கள் பல கண்டறியப்பட்டன. இவற்றைப் பொதுவாகச் சைற்றோகைன் என்பர். நிர்ப்பீடனம் என்று நாம் சொல்லும் உடலின் காவல், வாளும் வேலும் தாங்கிய படை மட்டுமன்று. இடைவிடாது செய்தி பரிமாறும் ஒரு வலையமைப்புமாகும்.

இந்த வலையமைப்பை ஆராய்வதற்கு மனிதனுக்கு உறவான உயிர் ஒன்று வேண்டியிருந்தது. இராமகாதையில் கடல் தாண்டித் தூது வந்த அனுமனை அறியாத பிள்ளை எம்மிடையே இல்லை. விஞ்ஞானத்திலும் குரங்கு பல செய்திகளை மனிதனுக்குக் கொண்டுவந்திருக்கிறது. 1940ஆம் ஆண்டில் லான்ட்ஸ்ரெய்னரும் வீனரும் றீசஸ் குரங்கின் குருதியைக்கொண்டு செய்த ஆய்விலிருந்தே றீசஸ் காரணி அறியப்பட்டது. தாய்க்கும் கருவிலுள்ள சேய்க்கும் குருதி ஒவ்வாமையால் நேரும் மரணத்தைத் தடுக்க அவ்வறிவு வழிவகுத்தது. 1955இல் வெளிவந்த இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துக்கு வேண்டிய வைரசு, குரங்கின் சிறுநீரகக் கலங்களிலேயே வளர்க்கப்பட்டது. அதற்காக இந்தியக் குரங்குகள் பெருந்தொகையாகக் கடல் கடந்தன. 1978ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. எம் பிள்ளைகள் நேராக நடப்பதற்குப் பின்னால் இவ்வுயிர்களின் துயர் இருக்கிறது என்பதை மறத்தல் நன்றியன்று.

தொப்பிக் குரங்கின் குருதி

இலங்கையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கொன்று எம் நாட்டில் உண்டு. சிங்களத்தில் ரிலவா எனப்படும் செங்குரங்கே அது. உச்சிமயிர் தொப்பி கவிழ்த்தாற்போல வட்டமாகப் படிந்திருக்கும். பொலன்னறுவைக் காட்டில் 1968ஆம் ஆண்டிலிருந்து இக்குரங்குகளை ஆராய்ந்த வொல்ப்காங் டிற்றஸ் என்பார், மிகுதியான உணவைக் காணும் குரங்கு தனியொரு குரலெழுப்புவதையும், அதைக் கேட்ட கூட்டத்தார் அவ்விடத்துக்கு ஓடிவருவதையும் 1984ஆம் ஆண்டில் எழுதினார். ஆக, காட்டிலும் ஒரு தொடர்பு வலை உண்டு.

இக்குரங்குகளுக்கும் மலேரியா வரும். அவற்றைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுள் சைனமொல்கை என்பது மனிதரை வாட்டும் வைவாக்ஸ் மலேரியாவுக்கு நெருங்கிய உறவு. மற்றொன்றான பிரஜைல், மனிதரைக் கொல்லும் பல்சிபாரம் மலேரியாவைப் போலச் சில இயல்புகளைக் காட்டும். இயற்கையாகவே அந்நோயைத் தாங்கி வாழும் குரங்கும், மலேரியாவால் வருந்திய மக்களும் ஒரே நாட்டில் இருந்தமையால், கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்க்கு அரியதொரு வாய்ப்புக் கிடைத்தது. பேராசிரியர் காமினி மென்டிஸ் அம்மையாரும் அவருடன் சேர்ந்தோரும் செய்த ஆய்வுகளுள் மூன்றை மட்டும் இங்கே சொல்வோம்.

முதலாவது, 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரே ஒட்டுண்ணியிலிருந்து பெருகிய பிரஜைல் கூட்டத்தைக் குரங்குகளில் வளரவிட்டுப் பார்த்தனர். குரங்கின் உடல் பகைவனை அடையாளங்கண்டு பிறபொருளெதிரிகளை உண்டாக்கியதும், ஒட்டுண்ணி தான் குடியிருந்த செங்குழியத்தின் மேற்பரப்பிற் காட்டும் அடையாளத்தை மாற்றிக்கொண்டது. அதையும் உடல் கண்டுகொண்டபோது வேறோர் அடையாளம் தோன்றியது. காவலனிடம் கள்வனின் படம் இருக்கிறது; கள்வனோ சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறான். மலேரியாவுக்குத் தடுப்பு மருந்து காண நெடுங்காலம் சென்றமைக்கு இத்தகைய வேடமாற்றமும் ஒரு காரணம்.

இரண்டாவது, 1990ஆம் ஆண்டுக்குரியது. நோயுற்ற குரங்கின் குருதிநீரில் பிறபொருளெதிரிகள் மிகுந்திருந்தபோது, ஒட்டுண்ணி நுளம்பினுள் வளர்வது தடைப்பட்டது. இது எதிர்பார்த்ததே. ஆனால், அவை குறைவாக இருந்தபோது நிகழ்ந்தது வேறு. நுளம்புக்குத் தொற்றும் ஆற்றல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது! அரைகுறையாகச் சென்ற செய்தி, செல்லாத செய்தியிலும் கேடு விளைத்தது என்க.

மூன்றாவது, 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. சைனமொல்கை மலேரியா குரங்கின் உடலில் உச்சநிலையை அடையும் வேளையில், குருதியில் ஒட்டுண்ணிகள் நிறைந்திருந்தும் அவை நுளம்புக்குத் தொற்றும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. ஏன்? ரி.என்.எப். என்றும் காமா இன்ரபெரோன் என்றும் பெயர்பெற்ற இரு தூதுப்பொருள்கள் அவ்வேளையில் குருதியிற் பெருகி, நுளம்பினுட் சென்று இணையவேண்டிய ஆண் பெண் வடிவங்களைச் செங்குழியத்துக்குள்ளேயே கொன்றன. ஆனால், இவ்விரு தூதரும் தனித்து நின்று இதனைச் செய்ய வல்லாரல்லர். அவ்வுச்சவேளையிற் குருதியில் தோன்றும் வேறு துணைப்பொருள்களும் உடனிருக்க வேண்டியிருந்தது. ஆக, உடல் ஒரு தூதனின் சொல்லை மட்டும் நம்பிக் கொலைத்தண்டனை விதிப்பதில்லை. பல சான்றுகள் ஒருங்கே வந்தாலன்றி அது செயற்படாது.

மனிதரிலும் இதனையொத்த நிகழ்ச்சி காணப்பட்டது. வைவாக்ஸ் மலேரியாவில் நாற்பத்தெட்டு மணிக்கொருமுறை ஒட்டுண்ணிகள் ஒருங்கே செங்குழியங்களைப் பிளந்துகொண்டு வெளிவரும். அவ்வேளையில் ரி.என்.எப். குருதியில் ஏறும், காய்ச்சலும் ஏறும். எம் பாட்டிமார் போர்வைக்குமேற் போர்வை போர்த்தும் அடங்காத அந்த நடுக்கம், நோயின் கொடுமை மட்டுமன்று. உடல் தன் படைகளுக்கு முரசறைந்த ஓசையுமாகும்.

மறைந்த நோயும் மறையாத நுளம்பும்

'மலேரியாதான் எம் நாட்டைவிட்டு ஒழிந்துவிட்டதே, இதையெல்லாம் இப்போது ஏன் சொல்லவேண்டும்?' என்று வாசகர் கேட்கலாம். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட நோய் இது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே கண்டது. 'வென்றுவிட்டோம்' என்று நாடு கண்ணயர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். மீண்டும் பல ஆண்டுகள் பாடுபட்டபின், 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி காணப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. வெற்றி பெரிதே. எனினும், 1963ஆம் ஆண்டின் பாடம் அதனினும் பெரிது.

இன்று எச்சரிக்கை தருவன மூன்று. முதலாவது, மன்னாரிலிருந்து வந்தது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்ரிபென்சி என்னும் நுளம்பு, 2016ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் முதன்முறையாக மன்னாரிற் காணப்பட்டது. அது வயலையும் ஆற்றையும் தேடுவதில்லை. வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடும். இரண்டாவது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. நுளம்பு நன்னீரிலேதான் பெருகும் என்று நாம் நம்பியிருந்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுரேந்திரன், நிர்ப்பீடன அறிஞர் றஞ்சன் இராமசாமி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையைக் கலைத்தது. டெங்குவைப் பரப்பும் நுளம்புகளின் குடம்பிகள், ஆயிரத்துக்குப் பதினைந்து பங்குவரை உப்புள்ள உவர்நீரிலும் வளர்வதை அவர்கள் யாழ்ப்பாண, மட்டக்களப்புக் கரையோரங்களிற் கண்டனர். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்களவே. பாவனையற்ற கிணறு, கைவிட்ட படகு, எறிந்த தகரப்பேணி ஆகியவையே அவற்றின் தொட்டில்கள்.

தீவகத்தவர் இதனைப் படித்துவிட்டுத் தம் வளவைச் சுற்றி ஒருமுறை நோக்குவாராக. உவர்நீர்க் கிணறு இல்லாத ஊர் எது? உடைந்த வள்ளம் கவிழாமற் கிடக்கும் கரை எத்தனை? குடும்பம் புலம்பெயர்ந்தபின் பூட்டிக்கிடக்கும் வளவுகளில் இறைப்பாரின்றி நிற்கும் கிணறுகள் எத்தனை? 'உப்புத் தண்ணியிலை நுளம்பு பெருகாது' என்று சொல்லிக் கைகட்டியிருக்கும் காலம் போய்விட்டது.

மூன்றாவது எச்சரிக்கை குரங்கின் குருதியிலிருந்தே வந்தது. குரங்கு மலேரியா குரங்கோடு நின்றுவிடும் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2004ஆம் ஆண்டில் போர்ணியோத் தீவின் சரவாக் பகுதியில், மனிதரிடையே மலேரியா என்று கருதப்பட்ட பலவற்றை பல்பீர் சிங்கும் ஜனற் கொக்ஸ் சிங்கும் ஆராய்ந்தபோது, அது நோலெசை என்னும் குரங்கு மலேரியா எனத் தெரியவந்தது. காடு அழிய, மனிதனும் குரங்கும் நெருங்க, இடையே நுளம்பு தூது செல்கிறது. ஒயிலர் வரைந்த புள்ளிகளும் கோடுகளும் இங்கேயும் பொருந்தும். முன்பு கோடில்லாத இரு புள்ளிகளுக்கிடையே இப்போது ஒரு கோடு விழுந்திருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

நுளம்பு, ஒட்டுண்ணி, நோயாளி ஆகிய மூன்றும் சந்தித்தாலன்றி மலேரியா பரவாது. இவ்வலையின் ஒரு கோட்டை அறுத்தாலும் நோய் நின்றுவிடும். அறுக்கும் கத்தி எம் கையிலேயே இருக்கிறது. பாவியாத கிணற்றை வலையாலோ மூடியாலோ மறைப்பதும், படகைக் கவிழ்த்து வைப்பதும், தகரப்பேணியையும் சிரட்டையையும் அகற்றுவதும் பிள்ளைகளும் செய்யக்கூடியன. மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், 'எங்கே போய் வந்தேன்' என்பதை வைத்தியர் கேட்குமுன்னரே சொல்லிக் குருதியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழிந்தபின்னும் விழித்தெழக்கூடியது. அது ஈரலில் ஒளிந்திருக்கும் இரகசியத்தையும் குரங்கே எமக்குச் சொல்லித்தந்தது. 1948ஆம் ஆண்டில் ஷோர்ட், கார்னம் என்னும் இருவர் சைனமொல்கை தொற்றிய குரங்கின் ஈரலிலேதான் அம்மறைவிடத்தை முதலிற் கண்டனர்.

நெடுந்தீவிலே ஒருவருக்கு வந்த காய்ச்சல் பற்றிய செய்தி, அன்றே சுகாதாரப் பகுதியினரை அடைந்தால் ஊர் தப்பும். பத்து நாள் கழித்து, 'சாதாரண காய்ச்சல்தான்' என்னும் அரைகுறைச் சொல்லாகச் சென்றால், குரங்கின் குருதியிற் கண்ட குறைவான பிறபொருளெதிரிபோல அச்செய்தி தீங்கையே பெருக்கும்.

எம் வள்ளம் குறிகட்டுவானை நெருங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பின்னால் நெடுந்தீவு கடலோடு ஒன்றாகி மங்கியது. அந்தப் புறாக்கூட்டில் இன்று செய்திப் புறா இல்லை. ஆனால், அதன் அருகில் நின்று, 'மறுமொழி வருமோ?' என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அவர்களுக்கு மறுமொழி சொல்லும் கடன் எமக்கெல்லாம் உண்டு.